கோமேதகத்துக்கு ஒரு கார்டு

எங்கள் ஊர் பால் சொசைட்டியில் பால் பரிசோதிப்பது என் வேலை. விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு தடவை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தடவை. கேனில் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு கரண்டி பாலை எடுத்து மெஷினில் வைப்பேன். கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அது காட்டிவிடும். மெஷின் காட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சொந்தச் சித்தி கொண்டுவந்த பாலையே திருப்பி அனுப்பியவள் நான். சித்தி ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அப்படிப்பட்டவள் ஒரு சின்னக் கல்லை லேபுக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்று பத்து நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன் என்றால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

கல் என் வீட்டுக்காரருடையது. கோமேதகம். தேன் நிறம் என்பார்கள் நாகரிகமாக. கோமியத்தின் நிறம் என்பதுதான் சரி. வெள்ளி மோதிரத்தில் பதித்து வலது கை நடுவிரலில் போட்டிருந்தார். அதை ஏன் போட்டார் என்று சொன்னால்தான் என் அவஸ்தை புரியும்.

பாகூருக்கும் கிருமாம்பாக்கத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். இந்தப் பக்கத்தில் குடிக்காமல் இருப்பதுதான் கஷ்டம். எந்தத் திசையில் திரும்பினாலும் சாராயக் கடை, இல்லாவிட்டால் பிராந்திக் கடை. இங்கே சரக்கு மலிவு என்று கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போகிறார்கள். உள்ளூர்க்காரருக்கு பஸ் செலவும் மிச்சம். என் வீட்டுக்காரர் குடித்தால் அடிக்கிற ரகம் இல்லை, அழுகிற ரகம். கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போகிறேன் என்று கிளம்பி, வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்து செத்துப்போன மாட்டை நினைத்து அழுதுகொண்டிருப்பார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் மெயின்ரோட்டில் மொபெட்டோடு விழுந்து, பின்னால் வந்த லாரி அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அந்த டிரைவர் பிரேக் போட்டதால்தான் என் கழுத்தில் தாலி இருக்கிறது. அன்றிலிருந்து எனக்குச் சாயங்காலம் என்றாலே பயம்.

நிறுத்திப் பார்க்காதவர் இல்லை. மூன்று வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டார். மாலை கழுத்தில் இருக்கும் நாற்பத்தெட்டு நாளும் சாமிதான். பச்சைத் தண்ணீர்க் குளியல், கட்டாந்தரையில் படுக்கை, என்னையே சாமி என்று கூப்பிடுவார். மலையிறங்கி வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கடையில் முதல் ஆளாக நிற்பார். கேட்டால், "கழட்டியாச்சு இல்லடி" என்பார். ஏதோ பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி.

அதற்கப்புறம்தான் மதகடிப்பட்டுப் பக்கம் ஒரு ஜோசியரிடம் அவரை இழுத்துக்கொண்டு போனேன். ஜோசியர் ஜாதகக் கட்டத்தைப் பார்த்துவிட்டு ராகுதான் ஆட்டிவைக்கிறான் என்றார். ஒரு கோமேதகத்தையும் அவரே எடுத்துக் கொடுத்தார். "இத்தப் போட்டுக்கினு குடிச்சீங்கன்னா ராகு திருப்பி அடிப்பான், பாத்துக்குங்க" என்று எச்சரித்தார். "எத்தினி நாளைக்குங்க போடணும்?" என்று என் வீட்டுக்காரர் ஆசையோடு கேட்டார். "இதுக்குக் கழட்டற நாளே கெடையாது" என்றார் ஜோசியர். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்குத் தட்சிணை கூடக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் மோதிரம் விரலில் ஏறியது. அதோடு சரி. இரண்டு வருஷம் ஒரு சொட்டு இல்லை. நடுவில் உடம்பு தேறி, விரலும் தடித்து, மோதிரம் கழற்ற வராத அளவுக்கு இறுகிப்போனது. எனக்கு அதைவிட நிம்மதி வேறு ஏது? சொசைட்டிக்குப் பால் ஊற்ற வரும் பெண்கள் ஒவ்வொருத்தியாக, "அக்கா, அந்தக் கல்லு எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார்கள். நானும் பெருமையாகச் சொல்லிவந்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தவன் என் தம்பி. டவுனில் ஒரு நகைக்கடையில், கல் வைத்த நகைகள் பிரிவில் சேல்ஸ்மேனாக இருக்கிறான். காணும் பொங்கலுக்கு வந்தவன், கறிக்குழம்புச் சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னா மாமா, கல்லு இவ்ளோ தெளிவா இருக்குது? கோமேதகம்னா உள்ள பாகு கலங்கின மாதிரி ஓடணும். இது கண்ணாடி மாதிரி இருக்குதே."

அவர் சிரித்தார். தம்பியைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போய் விட்டேன் ஒரு டோஸ்.

"வாய வச்சுக்கினு சும்மா இருக்க மாட்டியாடா? அந்தாளு எத்தப் புடிச்சுக்கினு நிக்கிறாருன்னு தெரியுமா உனக்கு?"

"தொழில் புத்திக்கா. வந்துடுச்சு. சந்தேகமா இருந்தா லேபுல குடுத்து ஒரு கார்டு போட்டுடலாம். இன்னா கல்லு, அசலா போலியான்னு எழுதி, போட்டோ ஒட்டிக் குடுத்துடுவாங்க."

"போட்டே ஆவணுமா?"

அவன் நேர்மையாகத்தான் பதில் சொன்னான். மாணிக்கம், மரகதம் மாதிரி விலை உயர்ந்த கல் என்றால் கார்டு இல்லாமல் தொடவே கூடாதாம். இந்த மாதிரி மலிவுக் கல்லுக்கு யாரும் போடமாட்டார்களாம். கல்லின் விலையில் முக்கால்வாசி கார்டுக்கே போய்விடும். விற்கப்போவதும் இல்லை, அடகு வைத்தாலும் கல்லைக் கழித்துவிட்டுத்தான் எடை போடுவான். "நம்ம கடையா இருந்தா வேணாம்னுதான் சொல்வேன்க்கா" என்றான். இந்தப் பதிலை நான் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் விழுந்த சொல் விழுந்ததுதான். அடுத்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் மோதிரத்தைத் திருக ஆரம்பித்தார். சாப்பிடும்போது திருகுவார், டிவி பார்க்கும்போது திருகுவார். வெயிலில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு விரலைப் பார்ப்பார். "கண்ணாடியோ இன்னாவோ" என்று தானாகச் சொல்லிக்கொள்வார்.

பக்கத்து வீட்டு அண்ணி ஒரு வழி சொன்னாள். நல்ல கல்லைப் பாலில் போட்டால் பாலின் நிறம் மாறுமாம். மோதிரம் கழற்ற வராதே. ஒரு டம்ளர் பாலில் விரலையே விட்டுக்கொண்டு உட்கார்ந்தார் மனிதர். அரை மணி நேரம் டிவியில் செய்தி ஓடியது, விரல் பாலில் ஊறியது. கடைசியில் பால் பாலாகவே இருந்தது; விரல்தான் சுருங்கிப்போனது. நான் பழக்கதோஷத்தில் அந்தப் பாலை எடுத்துப்போய் மெஷினில் வைத்துப் பார்த்தேன். கொழுப்பு சரியாக இருந்தது. கோமியத்தில் போட்டால் இன்னும் சுத்தமாகத் தெரியும் என்று அண்ணி அடுத்த யோசனையோடு வந்தாள். "அதுல நான் வெரல வுட மாட்டேன்" என்று அவர் எழுந்து வயலுக்குப் போய்விட்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவரே கேட்டார்.

"மச்சான் சொன்ன லேபுல குடுத்துப் பாத்துடலாமா?"

"இன்னாத்துக்கு? கல்லு வெலைய கார்டுக்கே குடுக்கணும். தண்டம்."

"ரெண்டு பாயிண்டு கொறஞ்சா ஊரான் பால கொட்டச் சொல்றவ நீ. என் கல்லுக்கு மட்டும் டெஸ்ட் வேணாமா?"

மாமன் மகனைக் கட்டிக்கொண்டால் இதுதான் தொல்லை. நம் குணம் மொத்தமும் அவர்களுக்கு மனப்பாடம்.

"செரி, நீயே சொல்லு. குடுக்கலாம்னா குடுக்கலாம், வேணாம்னா வேணாம்" என்று பாரத்தை என் தலையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

கல் கண்ணாடி என்று வந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. லேபுக்குக் கொடுக்க மோதிரத்தைக் கழற்றியாக வேண்டும். கார்டு வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் வெறும் விரல். அவருக்குக் கழற்றுவது என்றால் என்னவென்று மூன்று வருஷம் மாலையில் நான் பார்த்தவள். முடிவு எப்படி வந்தாலும் சரி, அது வருவதற்குள் "கழட்டியாச்சு இல்லடி" என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றால்? மறுபடி மெயின்ரோடு, மறுபடி மொபெட், மறுபடி ஒரு லாரி.

வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ஆனால் அவருடைய திருகல் நிற்கவில்லை. ஒரு நாள் மோட்டார் கொட்டகையில் யாரோடோ பேசும்போது, "அது சும்மா ஒரு கண்ணாடிங்க" என்று அவர் வாயாலேயே சொல்வதைக் கேட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. விரலில் மோதிரம் இருக்கிறதே தவிர, மனசில் பாதி கழன்றுவிட்டது. சந்தேகம் வந்த பாலைக் கேனில் ஊற்ற நான் விடுவதில்லை. ஊற்றினால் நல்ல பாலும் கெடும். அசல் என்று கார்டு வந்தால் இனி ஜென்மத்துக்கும் அவரை அசைக்க முடியாது. இல்லை என்று வந்தால், அது வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். முக்கால் விலை போனாலும் பரவாயில்லை, கொடுப்போம் என்று தம்பிக்குப் போன் போட்டேன்.

வியாழக்கிழமை அவனுக்கு லீவு. பைக்கில் வந்தான். சோப்பு நுரை போட்டு, நூல் சுற்றி, நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் ஒரு வழியாக மோதிரம் கழன்றது. அந்த இடத்தில் தோல் வெள்ளையாக, ஒரு வளையம் போல இருந்தது. அதை அவர் தடவிப் பார்த்துக்கொண்டார். தம்பி மோதிரத்தைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். சனிக்கிழமை கொண்டுவருவதாகப் பேச்சு.

பைக் தெருமுனை திரும்புவதற்குள் எனக்கு ஒரு யோசனை வந்தது. தாலியைக் கோக்க ஆசாரியிடம் கொடுத்தால் நாங்கள் வெறும் கழுத்தோடு இருப்பதில்லை. மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிப் போட்டுக்கொள்வோம். தாலி திரும்பி வரும் வரைக்கும் அதுதான் தாலி. சமையற்கட்டுக்கு ஓடிப்போய் ஒரு சின்ன மஞ்சள் துண்டை எடுத்து, நூலில் மஞ்சள் தடவி, அவருடைய நடுவிரலில், அந்த வெள்ளை வளையத்தின் மேலேயே மூன்று முடிச்சுப் போட்டேன்.

"இன்னாடி, எனக்குத் தாலி கட்டறியா?"

"ரெண்டு நாளைக்குத்தான்யா. சும்மா இரு."

சிரித்தாரே தவிர அவிழ்க்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஊரே அந்த விரலைத்தான் பார்த்தது. நகச்சுற்று என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். எலுமிச்சம்பழத்தைச் செருகச் சொல்லி நாலு பேர் வைத்தியம் சொன்னார்களாம்.

அன்று சாயங்காலம் சொசைட்டியில் கூட்டம் ஜாஸ்தி. எனக்குக் கை மெஷினில், மனசு வேறெங்கோ. வரிசையில் நின்ற ஒருத்தி பாத்திரத்தை நீட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்:

"உங்க வூட்டுக்காரர சாராயக் கடைக்கிட்ட பாத்தேனே அக்கா. மொபெட்ட நிறுத்திட்டு நின்னுக்கினு இருந்தாரு."

கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்தேன். வரிசையைப் பாதியில் விட்டு நான் எழுந்தது அதுதான் முதல் தடவை. செருப்பைப் போட்டேனா என்றும் நினைவில்லை. வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு போனேன்; அவரைத் திட்டி முடித்து தம்பியை, தம்பியை முடித்து என்னை. நல்லதாக ஓடிக்கொண்டிருந்ததைக் கையை விட்டுக் கலைத்தவள் நான்தானே.

கடைக்கு எதிரே, ரோட்டின் இந்தப் பக்கம், மீன் வறுவல் வண்டி. பனித்திட்டுக் கடற்கரையிலிருந்து வரும் மீன். குடிக்கிறவர்கள் தொட்டுக்கொள்வதற்காகவே போட்ட வண்டி. அதன் பக்கத்தில் மொபெட்மேல் உட்கார்ந்து, மந்தார இலையில் சூடாக இரண்டு துண்டு வறுவலை வைத்து என் வீட்டுக்காரர் தின்றுகொண்டிருந்தார். கிட்டே போய் முதல் காரியமாக வாயருகே மோந்து பார்த்தேன். பால் மோந்த மூக்கு, தப்பாது. மிளகாய்த்தூளும் பூண்டும்தான்.

"இங்க இன்னாய்யா பண்ற?"

"பாத்தா தெரியல? ரெண்டு வருஷமாச்சுடி இந்த வறுவல தின்னு. மோதிரம் இருக்க சொல்ல இந்தப் பக்கமே வர பயம், ராகு அடிச்சுடுவான்னு. இன்னிக்கி மோதிரம் இல்ல, இதுதான இருக்குது, வந்து பாப்போம்னு வந்தேன்" என்று மஞ்சள் விரலைத் தூக்கிக் காட்டினார்.

"எதிர்ல போவல?"

அவர் கடையைப் பார்த்தார். "போவணும்னுதான் இருந்துச்சு" என்றார். "முள்ளு எடுத்துத் தின்னுக்கினே இருந்தேன். அப்பிடியே இருந்துட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க ஒரு துண்டு மீனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது. இன்னொன்று வாங்கச் சொன்னேன்.

சனிக்கிழமை தம்பி வந்தான். வரும்போதே முகம் சரியில்லை. மோதிரத்தோடு ஆதார் கார்டு மாதிரி பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டை. மோதிரத்தின் போட்டோ, எடை, நிறம், கீழே ஒரு வரி ஆங்கிலத்தில். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். கண்ணாடி. மனிதர் உருக்கிச் செய்த சாதாரணக் கண்ணாடி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தண்ணீர்ப் பால் ஊற்றியவளையே விடாதவள், கண்ணாடியைக் கல் என்று விற்றவரை விடுவேனா? கார்டை எடுத்துக்கொண்டு மதகடிப்பட்டுக்குக் கிளம்பப் புடவையைக்கூட மாற்றிவிட்டேன். பிறகுதான் யோசித்தேன், அங்கே போய் என்னவென்று சண்டை போடுவது? உங்கள் போலிக் கல்லைப் போட்டு என் புருஷன் இரண்டு வருஷம் குடிக்காமல் இருந்துவிட்டார் என்றா? கட்டிய புடவையோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் கார்டை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வராது. போட்டோவைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப ரெண்டு வருஷமா குடிக்காம இருந்தது யாரு?"

"நீதான்யா."

அவர் முகத்தில் முதலில் ஒரு சிரிப்பு வந்தது. அப்புறம் அது அப்படியே நின்றுபோனது.

"அப்ப நாளைக்கும் நானேதான் இருக்கணுமா?"

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் இவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை, அந்த லாரி நின்ற அன்றுகூட. சமாதானமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த மாதிரி பேச்சு வராது. "சாயங்காலத்துல சொசைட்டிக்கு வாய்யா. கேன் தூக்கி வண்டியில ஏத்த ஆள் பத்தல" என்றேன். வந்தார். மறுநாளும் வந்தார். இப்போது தினமும் நாலு மணிக்கு எனக்கு முன்னால் அங்கே நிற்கிறார். வந்த பாலையெல்லாம் பார்த்து அபிப்பிராயம் வேறு சொல்கிறார், எரிச்சலாக இருக்கிறது. மஞ்சள் நூல் ஒரு வாரத்தில் தானாக அறுந்து விழுந்தது. மோதிரம் அலமாரியில் கிடக்கிறது. கார்டை மட்டும் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.

போன வாரம் பால் ஊற்ற வந்த ஒரு பெண், கண்ணெல்லாம் வீங்கிப்போய், அவரிடமே நேராகக் கேட்டாள்.

"அண்ணே, குடிய வுடறதுக்கு நீங்க ஒரு கல்லு போட்டீங்களாமே. எங்க வூட்டு ஆளுக்கும் ஒண்ணு வாங்கணும். எங்க கெடைக்கும்?"

அவர் கார்டை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவளுக்குப் படிக்கத் தெரியாது; என்னிடம் நீட்டினாள். நான் படித்துச் சொன்னேன்.

"கண்ணாடியா? அப்பறம் எப்பிடிண்ணே வுட்டீங்க?"

"தெரியலம்மா" என்று குனிந்து கேனின் கைப்பிடியைப் பிடித்தார். "இன்னிக்கி இது வரைக்கும் வுட்டுருக்கேன். உன் ஆளையும் நாளைக்கு நாலு மணிக்கு இட்டுக்கினு வா. இன்னொரு கையி இருந்தா இது லேசாப் போவும்."